மூச்சைப் பிடித்தால் முப்பத்தாறு

இடுப்பில் வேட்டி. மேலே புத்தம்புது வெள்ளைப் பனியன். கைகள் இரண்டையும் லேசாக விரித்து, நெஞ்சை நிமிர்த்தி, ஒரு மரப்பெட்டியின் மேல் நிற்கிறேன். என்னைச் சுற்றி மூன்று பேர். பனியன் கம்பெனி முதலாளி, கட்டிங் மாஸ்டர் காதர் பாய், கல்கத்தாவிலிருந்து சரக்குப் பார்க்க வந்திருக்கும் சேட்டு. சேட்டின் வாயில் வெற்றிலை, கையில் டேப்.

புதுத் துணியின் வாசனையும் பக்கத்துச் சலவைப் பட்டறையின் பிளீச்சிங் நெடியும் மூக்கில் ஏறப் பார்க்கின்றன. உள்ளே விட எனக்கு அனுமதி இல்லை.

"மூச்ச உட்றாதீங்க மாஸ்டர். சித்த நேரம், அவ்வளவுதானுங்க" என்று என் காதோரம் முணுமுணுக்கிறார் முதலாளி.

அப்போதுதான் வாசலில் என் அப்பாவின் குரல் கேட்டது. கூடவே இன்னொரு கனத்த குரல். அது மடத்துக்குளத்து ராமசாமிக் கவுண்டருடையது. தன் மகள் ருக்குமணியை எனக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய, நான் பார்க்கும் உத்தியோகத்தைக் கண்ணால் பார்க்க வந்திருக்கிறார்.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இப்படியே நிற்கிறேன். நீங்கள் அதற்குள் முன்கதையைப் படித்துவிட்டு வாருங்கள். கொஞ்சம் வேகமாகப் படித்தால் எனக்கு நல்லது.

இரண்டு மாடு கொடுத்து

சென்ற வாரத் தொடரில் என்னைச் சென்னை உடற்பயிற்சிக் கல்லூரியில், தாண்டிக் குதிக்கும் மரக்குதிரையின் மேலிருந்து விழ வைத்து, 'இடமில்லை' என்று கத்தரித்துவிட்டார் பத்திரிகை ஆசிரியர். எழுந்துவிட்டேன். அடி பலமில்லை. பதறிப்போய் அஞ்சலட்டை எழுதிய பல்லடம் வாசகருக்கு நன்றி.

அந்த மரக்குதிரையைத் தாண்டியதற்கும், தாண்டாமல் விழுந்ததற்கும் சேர்த்துத்தான் எனக்குப் பட்டம் கொடுத்தார்கள். முறையாகச் சொன்னால் அது பட்டயம். எங்கள் ஊரான அருள்புரம் பக்கம் யாருக்கும் அந்த வித்தியாசம் தேவைப்படவில்லை. ஊரில் கல்லூரி வாசலை மிதித்தவனே நான் ஒருவன்தான். அதிலும் ஓடுவதற்கும் குதிப்பதற்கும் படித்தவன் ஜில்லாவிலேயே கொஞ்சம் பேர்.

என் படிப்புக்காக அப்பா விற்றது ஒரு ஜோடி காங்கேயம் காளை. அவர் அதைப் பற்றி வருத்தப்பட்டதாக எனக்கு நினைவில்லை. ஆனால் மறந்ததாகவும் நினைவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் என்னைக் கூப்பிட்டு நிறுத்துவார். வந்தவர் என் தோளைத் தட்டிப் பார்ப்பார், கைச்சதையை அமுக்கிப் பார்ப்பார். பல்லைப் பார்க்காததுதான் பாக்கி.

"ரெண்டு மாட்டக் குடுத்து ஒரு மாட்ட வாங்கியிருக்கேனுங்க" என்பார் அப்பா, பெருமையாக.

"உழவுக்கு வருமுங்களா?" என்று கேட்ட புண்ணியவான்களும் உண்டு.

"பெல் அடிப்பீங்களா?"

படித்து முடித்தவன் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர் ஆக வேண்டும். அதுதான் முறை. அதற்குப் பள்ளிக்கூடம் ஒத்துக்கொள்ள வேண்டுமே.

பல்லடம் சாலையில் ஒரு பள்ளி. அதை நடத்தியவர் கொடுக்கு மீசை வைத்த ஒரு பெரியவர். என் சான்றிதழை வாங்கி, தூரத்தில் பிடித்து, பக்கத்தில் பிடித்து, கடைசியில் மேசையில் வைத்தார்.

"இதுல என்னங்க சொல்லிக் குடுப்பீங்க?"

"ஓடறது, தாண்டறது, குண்டு எறியறதுங்க."

"எங்க பசங்க நாலு மைலு ஓடித்தானுங்க பள்ளிக்கோடமே வர்றாங்க. வர்ற வழியில வேலி தாண்டறாங்க. கல்லு எறியறதப் பத்தி எம்பட மாந்தோப்புக்காரனக் கேட்டுப் பாருங்க. இதுக்கு மேல சம்பளம் போட்டுச் சொல்லிக் குடுக்கோணுமுங்களா?"

நான் விஞ்ஞான முறை என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையமர்த்தினார்.

"பெல் அடிப்பீங்களா?"

"அடிப்பேனுங்க."

"அதுக்கும் ஆளு இருக்குதுங்க" என்று எழுந்து கும்பிட்டார். கொங்கு நாட்டில் ஒருவரைத் துரத்தும்போதும் 'ங்க' போட்டுத்தான் துரத்துவோம். வெளியே வந்து பாதி வழி நடந்த பிறகுதான் துரத்தப்பட்டது புரியும்.

இதே போல இன்னும் சில பள்ளிகள். அந்த அலைச்சலுக்கு நடுவில்தான் அப்பா என்னை மடத்துக்குளத்துக்குப் பெண் பார்க்கக் கூட்டிப் போனார்.

குண்டு எறிய எதற்குக் கல்லூரி?

எங்களுடையது வானம் பார்த்த பூமி. மடத்துக்குளம் வாய்க்கால் பாசனம். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே ஈரக் காற்று வந்து, 'உனக்கு இங்கே என்ன வேலை' என்று கேட்பது போல இருந்தது.

காப்பி கொண்டுவந்தாள் ருக்குமணி. அந்தக் காலத்துப் பெண்கள் காப்பியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள். இவள் தூணருகே நின்றாள். எங்கப்பா என் பெருமைகளைச் சொல்லி, குண்டு எறிதலுக்கு வந்தபோது மெதுவாகக் கேட்டாள்.

"ஏனுங்க, குண்டு எறியறதுக்கு எதுக்குங்க காலேஜு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அந்த டம்ளரைக் கீழே வைக்கும்போதே எனக்குத் தீர்மானமாகிவிட்டது.

ராமசாமிக் கவுண்டர் சிரிக்கவில்லை.

"பட்டம் சரீங்க. நாங்க வெள்ளாமைக்காரங்க. வெதைச்சா வெளையோணும். இவரு பட்டம் மாசாமாசம் சம்பளமா வெளையறத எங்கண்ணுல பாத்துப்போட்டு வார்த்தை சொல்றனுங்க. தை வரைக்கும் பாக்கறேன். அப்புறம் பொள்ளாச்சியில ஒரு எடம் இருக்குதுங்க."

பொள்ளாச்சி மாப்பிள்ளைக்குத் தென்னந்தோப்பு இருந்தது. எனக்கு ஈட்டி எறியத் தெரியும்.

(நான் இன்னும் பெட்டி மேல்தான் நிற்கிறேன். மறந்துவிடாதீர்கள்.)

நடுவில் ஆளில்லை

ஐப்பசியில் ஒரு நாள். திருப்பூரில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது காதர் பாய் என்னை முன்னாலும் பின்னாலும் சுற்றிப் பார்த்தார். முன்பின் தெரியாதவர். என் தோளில் கை வைத்துச் சாண் போட்டார்.

"தம்பி, நெஞ்சு எத்தினி?"

பேச்சுக் கொடுத்ததில் விஷயம் தெரிந்தது. அவர் கட்டிங் மாஸ்டராக இருக்கும் பனியன் கம்பெனி கல்கத்தாவுக்கு முப்பத்தாறு சைஸ் சரக்கு அனுப்பியிருக்கிறது. அக்குளில் அறுக்கிறது, கழுத்தைப் பிடிக்கிறது என்று அதில் பாதி திரும்பி வந்துவிட்டது. அதுவரை பனியனை மரப்பலகையில் மாட்டித்தான் அளவு பார்த்திருக்கிறார்கள். பலகைக்கு எங்கே அறுக்கும்?

சரி, ஆளுக்கே போட்டுப் பார்ப்போம் என்று தேடினால் முப்பத்தாறு அங்குல நெஞ்சுள்ள ஆள் ஊரில் கிடைக்கவில்லை. அன்றைய திருப்பூரில் தொழிலாளி எல்லாம் முப்பது, முப்பத்திரண்டு. முதலாளி எல்லாம் நாற்பத்திரண்டு. நடுவில் ஆளே இல்லை. (இன்று நானும் நாற்பத்திரண்டுதான், முதலாளி ஆகாமலேயே.)

காதர் பாய் என்னைக் கம்பெனிக்கு இழுத்துப் போனார். முதலாளியின் தலைக்கு மேல் பெரிய முருகன் படம், கதம்பம் சாத்தி. நெசவாளர் குடும்பம். முருகனைக் கேட்காமல் ஊசி கூட வாங்க மாட்டார்.

டேப்பைப் போட்டார்கள். முப்பத்திநாலு.

"அடடா" என்றார் முதலாளி. "ரெண்டு அங்குலத்துல போச்சே."

எனக்குத் தை மாதம் கண்ணில் தெரிந்தது. சான்றிதழை நீட்டினேன். எங்கள் கல்லூரியில் பட்டத்தோடு உடல் தகுதியையும் எழுதித் தருவார்கள். 'மார்பு: சாதாரணமாக 34, விரித்தால் 36' என்று முத்திரை குத்தியிருக்கும்.

முதலாளி அதைப் படித்தார். அவர் கண் முப்பத்தாறில் நின்றது. முன்னால் இருந்த எதையும் அது பார்க்கவில்லை.

"காதர் பாய், கவருமெண்டு சீலு போட்டு முப்பத்தாறுங்கறாங்க. உம்பட டேப்பு என்னமோ முப்பத்திநாலுங்குது."

"மூச்சப் புடிச்சாத்தான் முப்பத்தாறு முதலாளி."

"அப்பப் புடிக்கச் சொல்லு."

பிடித்தேன். டேப் முப்பத்தாறில் வந்து நின்றது. முதலாளி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பாத்தியா? ஆளு முப்பத்தாறுதான். மூச்சு உட்டா எறங்குதுன்னா அது மூச்சோட தப்பு."

அன்றே வேலை. மாதச் சம்பளம். சான்றிதழில் இருந்த மரக்குதிரை, கயிறேற்றம், ஈட்டி எதற்கும் ஒரு பைசா விலை இல்லை. சம்பளம் முழுவதும் அந்த இரண்டு அங்குலத்துக்குத்தான். மூச்சு விடுகிற நானும் ஓசியில் அவர்களுக்குக் கிடைத்தேன்.

தண்டால் கூடாது

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஒரு நிபந்தனை வந்தது.

"மாஸ்டர், ஒண்ணு சொல்றேன், மனசுல வெச்சுக்காதீங்க. இந்தத் தண்டாலு, பஸ்கி எல்லாம் எடுக்காதீங்க. நெஞ்சு பெருத்துப்போச்சுன்னா கம்பெனிக்கு நட்டமுங்க."

இரண்டு மாடு விற்று உடற்பயிற்சி படித்தவன், உடற்பயிற்சி செய்யாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்கினேன். அருள்புரத்திலிருந்து சைக்கிளில் வருவதைக் கூட முதலாளி சந்தேகத்தோடுதான் பார்த்தார். மேட்டில் இறங்கித் தள்ளிக்கொண்டு வரச் சொன்னார். மத்தியானம் மற்றவர்களுக்குச் சோறு, எனக்கு அரைச் சோறு. சாப்பிட்டால் மூச்சுப் பிடிக்க முடியாதாம்.

வேலை இதுதான். காதர் பாய் வெட்டித் தைத்த மாதிரிப் பனியனை நான் போட்டுக்கொண்டு பெட்டியில் ஏறி மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும். அவர் குண்டூசி குத்தி, கழுத்தையும் கைக்குழியையும் சரிபார்ப்பார். 'ம்' என்றதும் மூச்சை விடலாம். குண்டூசியை வாயில் வைத்திருப்பவர் 'ம்' சொல்லத் தாமதமாகும். சில நாள் சுவரில் முருகன் இரண்டாகத் தெரிவார்.

மூச்சைப் பிடித்தால் தோள் உயரும் அல்லவா? காதர் பாய் அந்த உயர்ந்த தோளுக்குத்தான் வெட்டினார். மூச்சு விட்டதும் தோள் இறங்கும், பனியனின் பட்டை ஒரு பக்கமாகச் சரியும். அதை நான் சொன்னேன்.

"ஏன் தம்பி மூச்சு உடுற?" என்றார் அவர்.

அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. மாதச் சம்பளம் என்பது மட்டும்தான் தெரியும். மடத்துக்குளத்துக்குப் போய், "எம்பையன் பனியன் கம்பெனியில சைஸ் ஆபீசருங்க" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அந்த உத்தியோகம் எங்கே இருந்து வந்தது என்று கேட்டேன். "பஸ்ஸுல போறப்பத் தோணுச்சு சாமி" என்றார்.

ஆபீஸ் நேரத்தில் பேச மாட்டார்

ஆகவே, மார்கழி கடைசியில் அந்தக் காலை.

சரக்கைத் திருப்பி அனுப்பிய கல்கத்தா சேட்டே நேரில் வந்திருந்தார். மாதிரி பிடித்தால் பெரிய ஆர்டர். இல்லாவிட்டால் கம்பெனி அந்த வருடம் எழுந்திருக்காது. முதலாளி காலையில் இருந்து பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நான் பெட்டியில் ஏறி, இழுத்துப் பிடித்து நின்ற அதே நேரத்தில்தான் அப்பா வந்து சேர்ந்தார். ராமசாமிக் கவுண்டர் பின்னால் வந்தார். அவருக்குப் பின்னால், நல்லூரில் அத்தை வீட்டுக்குப் போகிற வழியில், ருக்குமணி.

வருங்கால மாமனார் முன்னால் வேட்டியும் பனியனுமாகப் பெட்டி மேல் நிற்பது எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், என்னால் சொல்ல முடியாது. அன்றும் சொல்ல முடியவில்லை. வாய் திறந்தால் இரண்டு அங்குலம் போய்விடும்.

"நல்லா இருக்கீங்ளா மாப்ள?" என்றார் கவுண்டர்.

நான் கண்ணைச் சிமிட்டினேன்.

அவர் அப்பாவைப் பார்த்தார். "ஏனுங்க, பேச மாட்டாருங்களா?"

"ஆபீஸ் நேரத்துல பேச மாட்டாருங்க."

"என்ன வேலைங்க பாக்கறாரு இப்ப?"

அப்பா என்னைப் பார்த்தார். முதலாளியைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். "அதானுங்க... நின்னுட்டு இருக்காருங்க" என்றார்.

சேட்டுக்கு அவசரமே இல்லை. டேப்பை என் மார்பில் சுற்றினார். எண் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். "சத்தீஸ்" என்று தலையாட்டினார். அது இந்தியில் முப்பத்தாறு. முதலாளியின் முகம் பூத்தது. ஆனால் சேட்டு டேப்பை எடுக்கவில்லை. ஒரு கையால் டேப்பைப் பிடித்தபடியே, கழுத்துப் பட்டையைத் தொட்டு, ஓரம் எப்படி மடித்திருக்கிறது என்று காதர் பாயிடம் கேட்க ஆரம்பித்தார். காதர் பாய்க்குத் தெரிந்த இந்தி கொஞ்சம். அதைத் தேடித் தேடிச் சொன்னார்.

எனக்குக் காதுக்குள் பின்னல் மிஷின் ஓடுகிற சத்தம். அந்த அறையில் மிஷின் கிடையாது.

"அப்பா" என்றாள் ருக்குமணி, பின்னாலிருந்து. "அவுரு மூஞ்சி நீலமாட்ட ஆவுதுங்ப்பா."

"சும்மா இரு கண்ணு. அது வேலை."

"என்னங்ப்பா வேலை? மூச்சு உடாம நிக்கறாருங்க!"

அவள் முன்னால் வந்துவிட்டாள். முதலாளியைப் பார்க்கவில்லை, சேட்டைப் பார்க்கவில்லை. நேரே என் முகத்தைப் பார்த்தாள். தூணருகே சிரித்த முகம் அல்ல அது. பயந்துபோன முகம்.

"மூச்சு உடுங்க" என்றாள்.

விட்டேன்.

அதை விட்டது என்று சொல்வது சரியல்ல. அது போயிற்று. டேப் சேட்டின் கையில் தொளதொளத்தது. பனியனின் இடது பட்டை நழுவி முழங்கையில் வந்து உட்கார்ந்தது. சேட்டு டேப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குனிந்து பெட்டிக்கு அடியில் கூடப் பார்த்தார்.

"அரே! கிதர் கயா?" என்றார்.

எங்கே போயிற்று என்று சொல்லும் அளவுக்கு யாரிடமும் இந்தி இல்லை.

"மாஸ்டர், புடிங்க! புடிங்க!" என்று பதறினார் முதலாளி.

"புடிக்காதீங்க" என்றாள் ருக்குமணி.

நான் அந்தப் பெட்டியின் மேல் நின்று இரண்டு பேரையும் பார்த்தேன். ஒரு இழுப்புத்தான். இழுத்தால் முப்பத்தாறு. கம்பெனிக்கு ஆர்டர், எனக்குச் சம்பளம், கவுண்டருக்குக் கண்ணால் பார்த்த உத்தியோகம். இழுக்காவிட்டால் பொள்ளாச்சித் தென்னந்தோப்பு. இது எல்லாம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்தும், அந்தப் பெண் அப்படிப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது மூச்சைப் பிடிக்க என்னால் முடியவில்லை. நிதானமாக, ஊரில் எல்லோரும் விடுவதைப் போல, மூச்சு விட்டுக்கொண்டு நின்றேன்.

சேட்டு திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். வயிறு குலுங்க, வெற்றிலை தெறிக்கச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, காதர் பாய் வழியாகக் கணக்கு பேசினார். இந்த அளவில் தைக்கும் சரக்கு முழுவதையும் முப்பத்திநாலு என்று முத்திரை போட்டு, முப்பத்திநாலின் விலைக்குத் தந்தால் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். கல்கத்தா வெயிலுக்குத் தொளதொளப்பாக இருந்தால் நல்லதுதானாம். முதலாளி அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் முருகன் படத்தைப் பார்த்தார். கம்பெனி எழுந்து நின்றது, கொஞ்சம் நொண்டியபடி.

என் கதை வேறு. முதலாளி என்னிடம் வந்து, இரண்டு கைகளையும் கூப்பினார்.

"மாஸ்டர், நீங்க தங்கமான மனுசனுங்க. ஆனா மூச்சு உடறீங்க. இனி நம்முளுக்கு ஒத்து வராதுங்க."

அப்பா ஒரு பனியன் பேல் கட்டின் மேல் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். நான் பெட்டியிலிருந்து இறங்கினேன். கவுண்டர் யாரோ கொடுத்த டீயை ஊதி ஊதிக் குடித்தார். முழுவதும் குடித்தார். டம்ளரின் அடியைப் பார்த்தார்.

"சம்மந்தி" என்றார் அப்பாவிடம்.

அப்பா நிமிரவில்லை. தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று அவருக்குப் புரியவே இல்லை.

"மாப்ளையோட பட்டம் காலணாப் பெறாதுங்க. நான் சொல்லலைன்னா வேற ஆரு சொல்லுவாங்க. ஆனா எம்பட புள்ளை ஒரு வார்த்தைதான் சொல்லுச்சு. வேலை போவுமுன்னு தெரிஞ்சே கேட்டுக்கிட்டாரு. தோப்பு வெச்சிருக்கறவனெல்லாம் கேப்பானுங்களா?"

"அப்பொ...?" என்றார் அப்பா.

"தையில வெச்சுக்கலாமுங்க. வேலை கெடைக்கறப்பக் கெடைக்கட்டும்."

அப்போது எனக்குப் பேசத் தடை எதுவும் இல்லை. ருக்குமணியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல், முழங்கையில் தொங்கிய பனியன் பட்டையை மட்டும் ஒரு முறை பார்த்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

"ஏனுங்ப்பா" என்றாள் சுவரிடம், "மொதல்ல அவுரச் சட்டையப் போட்டுக்கச் சொல்லுங்க."